மஞ்சள் மாத்திரை

“ரெண்டு மாத்திரையும் ஒழுங்கா எடுத்தீங்கல்ல?”

டாக்டர் ஸ்கேன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

அவளுக்கு அன்று இருபத்திரண்டாம் நோன்பு. காலையில் குளிக்கப் போனபோதுதான் இரத்தத்தைப் பார்த்தாள்.

இந்த மாதம் அது வராது என்று நம்பியிருந்தாள்.

“மாமி விடவே மாட்டாங்க டாக்டர்,” என்றாள் பக்கத்தில் இருந்த மருமகள் முஃபீதா. “நான் சோறு போட மறந்தாலும் மறப்பேன், மாத்திரைய மறக்க விடமாட்டாங்க. நோம்பு திறந்ததும் நான்தான் எடுத்துக் கையில கொடுப்பேன்.”

உண்மைதான். கையில் கொடுப்பாள்.

வெள்ளையை அவள் விழுங்குவாள். மஞ்சள் விரலிடுக்கில் இருக்கும். பிறகு கைகழுவும் தொட்டியில் கரைந்து போகும்.

வெள்ளை தினமும். மஞ்சள் மாதத்தில் பன்னிரண்டு நாள். மஞ்சள் முடிந்ததும் இரண்டு மூன்று நாள் இரத்தம் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் பயந்தது நோன்புக்கு.

வயதுக்கு வந்த நாளிலிருந்து ஒரு ரமலானையும் அவள் முழுதாக வைத்ததில்லை. விலக்கு நாட்களில் நோன்பு கிடையாது; விட்டதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அது இறைவன் பெண்ணுக்குத் தந்த சலுகை என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனாலும் இந்த ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது.

ஒரே ஒரு முறை. ஒரு மாதம் முழுக்க.

ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பு மஞ்சளை விட்டுப் பார்த்தாள். இரத்தம் வரவில்லை, வேறொன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமும் விட்டாள். பிறகு ரமலான் வந்தது.

டாக்டர் தாளைத் திருப்பி வைத்தார்.

“கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சிருக்கு.”

கீழத் தெரு சுபைதாவிடமும் இதையேதான் சொன்னார்கள். அடுத்த ரமலானுக்கு சுபைதா இல்லை.

துப்பட்டா முனையை விரலில் சுற்றினாள்.

சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

மருந்துக்கு முன் அவள் எப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியும். மாதவிலக்கு நிற்கும் வயது. கழுத்திலிருந்து நெருப்பு ஏறும். தொழுகை வரிசையில் நிற்கும்போதே வியர்வை முழங்கையில் சொட்டும். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை. ஒரு மதியம், மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று, கரண்டியை முஃபீதாவின் மேல் வீசினாள். புருவத்தில் பட்டது.

முஃபீதா யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அவளைக் கைப்பிடித்து இங்கே அழைத்து வந்தாள்.

ஒரே மாதத்தில் தூக்கம் வந்தது. இரண்டாம் மாதம் சமையலறையில் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கென்று நினைவில்லை. சிரித்தது நினைவிருக்கிறது.

தலையை ஆட்டினால் போதும். மருமகளே பதில் சொல்லியாயிற்று. இன்னும் ஒன்றும் படாத நோன்பு வாயால் பொய் சொன்னதாகக்கூட ஆகாது.

சுவரில் மின்விசிறி சுற்றியது.

“எடுக்கல,” என்றாள்.

முஃபீதாவின் கை மேசையிலிருந்து இறங்கியது.

“மஞ்சள் மாத்திரைய எடுக்கல. மூணு மாசமா. நோம்பு விட்டுப்போயிடும்னு.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவள் குனிந்துகொண்டாள்.

“வெள்ளை அந்தச் சுவரை வளர்க்கும்மா. மஞ்சள்தான் அதை அடக்கும்.” குரல் உயரவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மாசாமாசம் ரத்தம் போகாத மாதிரி கொடுக்கறதும் உண்டு. உங்களுக்கு அது சரிவருமான்னு பாத்திருப்பேன்.”

கேட்டிருக்கலாம். அவ்வளவுதான். அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“இனிமே கொடுக்க மாட்டீங்களா?”

“இப்ப நிறுத்தி வைப்போம். நாளைக்குக் காலைல கொஞ்சம் சதை எடுத்து சோதனைக்கு அனுப்பறேன். பெரும்பாலும் பயப்படற மாதிரி இருக்காது. ஆனா பாக்காம உறுதி சொல்ல மாட்டேன். முடிவு வந்ததும் மருந்தைப் பத்தி உக்காந்து பேசுவோம்.” சீட்டை எழுதி நீட்டினார். “நீங்க சொன்னதால எனக்கு வழி தெரியுது. இன்னைக்குத் தண்ணி குடிங்க. முகம் வெளுத்திருக்கு.”

வெளியே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் நோன்பு.

முடிவு வர ஒரு வாரம் ஆகும். பெருநாளை ஒட்டி வரும்.

முஃபீதா திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். மூன்று மாதமாகத் தன் கையால் கொடுத்தவள். கரண்டி பட்ட அன்றுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவளுடைய முதுகு ஸ்கேன் தாளைவிடப் பயமாக இருந்தது.

முஃபீதா தண்ணீர்க் கேனிலிருந்து ஒரு காகிதக் குவளையை நிரப்பி வந்தாள்.

“குடிங்க.”

“எல்லாரும் இருக்காங்க.”

முஃபீதா அவளுக்கு முன்னால் வந்து, அந்த வரிசையைப் பார்த்தபடி நின்றாள். புர்காவின் கறுப்பு பின்னால் இருந்தவளை முழுவதும் மறைத்தது.

“எனக்கும் இந்த மாசம் ஆறு நோம்பு விட்டுப்போச்சு மாமி,” என்றாள், திரும்பாமலே. “பெருநாள் கழிச்சு திங்களும் வியாழனுமா வச்சிருவோம். ரெண்டு பேரும்.”

“எனக்கு எத்தனைன்னு தெரியலையே.”

“என்னோடது முடிஞ்சாலும் உங்க கூட வைக்கறேன்.”

குவளையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அவள் குடித்தாள்.