மேலே கட்டிய எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கோத்த கயிறு ஈஸ்வரியின் கைக்கு வந்தது.

“மூத்த மருமக கையால கட்டு தாயி. இன்னைக்கு ஊர்க்கண்ணு பூரா நம்ம காட்டு மேலதான் இருக்கு” என்றாள் மாமியார் பெத்தம்மாள்.

பொய்யில்லை. பரளச்சியில் பாதிப் பேர் அவர்கள் புஞ்சை வரப்பில் நின்றார்கள். எல்லோருக்கும் நடுவில், ஒரு தார்ப்பாயின் மேல், இறக்கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ட்ரோன். மகளிர் குழு மூலமாகச் சின்ன மருமகள் தங்கலட்சுமிக்கு வந்தது. இன்று முதல் ஓட்டம்.

மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடித்துக் காட்ட வேண்டும். பார்ப்பதற்கென்றே அருப்புக்கோட்டை வியாபாரி மன்சூர் அலி வந்திருந்தார். ஒழுங்காகப் பறந்தால், அவருக்குச் சோளம் போடுகிற சம்சாரிகள் அத்தனை பேர் காட்டுக்கும் இந்த வெள்ளாமை முழுக்கத் தங்கலட்சுமிதான் மருந்தடிப்பாள். பறக்காவிட்டால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

“ஆரம்பிங்கம்மா” என்றார் மன்சூர் அலி.

நேற்று வந்த மருமகளுக்கு ‘ங்க’. ஈஸ்வரி கையிலிருந்த கயிற்றை முறுக்கினாள்.

மாமனார் சங்கையா, வீட்டுப் பெண்களிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் அதட்டிக் கேட்கிற மனுஷன், சின்னவளின் ரிமோட்டில் வெயில் விழாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். தங்கலட்சுமி தொப்பி போட்டிருந்தாள். அது அவளுக்கு எடுப்பாக வேறு இருந்து தொலைத்தது.

ஈஸ்வரி குனிந்து ட்ரோனின் காலில் கயிற்றைச் சுற்றினாள்.

“அங்கன கட்டுனா எவன் கண்ணுல படும்? மேல கட்டு” என்றாள் பெத்தம்மாள்.

மேலே கட்டினாள். இறக்கையைத் தாங்குகிற கம்பியில். ஒரே சுற்று. மிச்சக் கயிறு நீளமாகத் தொங்கியது. அவள் அதைச் சுருக்கவில்லை.

பழத்தைப் பார்த்ததும் தங்கலட்சுமியின் முகம் மாறியது. அவிழ்க்கச் சொன்னால் மாமியார் ஊர் முன்னால் ஆடித் தீர்த்துவிடுவாள்.

“நல்லா இறுக்கிக் கட்டுனீகளாக்கா?”

“கட்டியாச்சு. நீ ஓட்டு.”

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ட்ரோன் எழும்பியது. ரிமோட்டில் தங்கலட்சுமியின் கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது. முந்தானைக்குள் ஈஸ்வரியின் கட்டைவிரலும் நகர்ந்தது.

சோளக் குருத்துகளில் மருந்து சாரலாக இறங்கியது. மன்சூர் அலி திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஈஸ்வரியால் அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புஞ்சை முனையில் திரும்பும்போது காற்று அடித்தது. தொங்கிய கயிறு எழும்பி இறக்கைக்குள் போனது. வெடுக்கென்று ஒரு சத்தம். ட்ரோன் ஒருக்களித்துச் சோளத்துக்குள் விழுந்தது.

“பெறகு பாப்போம்மா” என்று மன்சூர் அலி வண்டியைக் கிளப்பினார்.

பெத்தம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். “கண்ணு பட்டுருச்சு. நல்லவேளை, மூத்தவ கட்டுன பழம் அடிய வாங்கிக்கிருச்சு. இல்லேன்னா சின்னவ தலையிலயே விழுந்திருக்கும்.”

ஊரும் ஆமாம் போட்டது. யாரோ ஒருத்தி ஈஸ்வரியின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

தங்கலட்சுமி சோளத்துக்குள் மண்டியிட்டு, இறக்கையில் சிக்கிய கயிற்றைப் பிய்த்தெடுத்தாள். முடிச்சு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஈஸ்வரியைப் பார்த்தாள்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குப் பிறகு ஈஸ்வரிக்கு இந்த வீட்டில் இடமில்லை. தெரியாமல் கட்டிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

ட்ரோன் பயிற்சிக்கு முதலில் சென்னைக்குப் போனவளே ஈஸ்வரிதான். இறக்கைப் பக்கம் நூல்கூடத் தொங்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். அடுத்த பாடத்துக்கு அவள் இல்லை. விடுதியில் ஆம்பளைகளும் தங்குகிறார்கள் என்று யாரோ பெத்தம்மாள் காதில் போட, உடனே வரச்சொல்லிவிட்டார்கள். இடம் வீணாக வேண்டாமென்று, புருஷன் சென்னையில் வேலை பார்க்கிற சின்னவளை அனுப்பினார்கள்.

காதில் போட்டது யார் என்று ஈஸ்வரி சந்தேகப்படாத ஆளில்லை. குழுத் தலைவி, பக்கத்து வீட்டுக்காரி, கூடப் பயிற்சிக்கு வந்த மல்லாங்கிணற்றுப் பெண். ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறவளை மட்டும் நினைத்ததில்லை.

தங்கலட்சுமி சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். கயிற்றைச் சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். தலை குனிந்தது.

“ஒரு பக்கம் பிடிங்கக்கா.”

கத்த வேண்டியவள் ஏன் தலையைக் குனிகிறாள் என்று ஈஸ்வரிக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

காதில் போட்டது யாரென்று விளங்கியதும், அவளும் குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தாள்.