எஞ்சின் விளக்கின் மேல் ஒரு பொட்டு

புது கிராங்க் சென்சாரைப் பொருத்திவிட்டு, மெக்கானிக் சேவியர் காருக்குள் குனிந்து சாவியைத் திருகினார். எஞ்சின் ஓடியது.

"லைட் அணைஞ்சிருச்சான்னு பாக்கணும். எங்க சார், அதையே காணோம்?"

மீட்டர் கண்ணாடியில், எஞ்சின் விளக்கு எரியும் இடத்தில் மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. மஞ்சள் வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று என் மனைவி ஒட்டியது.

"மேடம் வேலையா? எங்க வீட்ல பாத்ரூம் கண்ணாடியோட நிறுத்திக்கிறாங்க." சிரித்தபடி பொட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார்.

"எடுக்காதீங்க."

"லைட் எரிஞ்சா கோளாறு இன்னும் இருக்குன்னு அர்த்தம் சார். ஹைவேல வண்டி பொசுக்குன்னு நின்னுடும். பின்னால வர்ற லாரிக்காரன் பிரேக் போடுவானா? மேடத்த வேற பொட்டு ஒட்டிக்கச் சொல்லுங்க."

"அவ செத்துட்டா."

அவர் விரல் அப்படியே நின்றது. ஓரம் கொஞ்சம் கிளம்பிவிட்டிருந்தது.

"அப்ப நீங்களே எடுத்துப் பாத்துருங்க சார்." குரலைத் தணித்துச் சொல்லிவிட்டு, கதவைப் பிடித்தபடி விலகி நின்றார்.

நான் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தேன். கிளம்பிய ஓரத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்காமல், பொட்டைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினேன். கியரைப் போட்டேன்.

சேவியர் கார்க் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.