அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கு

தெர்மாமீட்டர் வைக்கக் கையைத் தூக்கியபோதுதான் நர்ஸ் ஹசீனா அதைப் பார்த்தாள். ஆறு வயசு பொன்னுமணியின் அக்குளில், சிகரெட்டால் சுட்டதுபோல் வட்டமாக ஒரு கறுப்புப் பொருக்கு.

ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தாள் மருதாயி. பிள்ளைக்கு அஞ்சு நாளாகக் காய்ச்சல். முகமெல்லாம் வீக்கம்.

"பெத்தவ நீதானா?"

"இல்ல சிஸ்டர். நான் ரெண்டாந்தாரம்."

ஹசீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதான் சூடு போட்டியாக்கும். நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"நான் சுடல சிஸ்டர்."

"டாக்டர் வரட்டும். போலீசுக்கே சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து ஹசீனாவின் கணவன் மகனைப் பற்றிச் சொல்லப் போனில் கூப்பிட்டான். "ஃபஹீமுக்கு இன்னும் காய்ச்சல் விடலையா? அதே மாத்திரையைக் குடுங்க. எனக்கு இங்க சோலி கெடக்கு" என்று வைத்துவிட்டாள்.

டாக்டர் ராம்பிரசாத் வந்தார். பொருக்கை உற்றுப் பார்த்தார்.

"இது சூடு இல்ல சிஸ்டர். உண்ணிக் காய்ச்சல். புதர்ல இருக்கிற, கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்ச இடம். கிட்னியையும் தாக்கியிருக்கும் போல." மருதாயியிடம் திரும்பினார். "ஒண்ணுக்குப் போறாளாம்மா?"

"திங்கக்கிழமை நாலு தடவை சார். செவ்வாக்கிழமை ரெண்டு. நேத்து ஒரே தடவை, பாலில்லாத கட்டஞ்சாயா கலர்ல. அரைத் தம்ளர்கூட இருக்காது. நாளைக்குப் போகலாம்னாரு இவ அப்பா. எனக்கு மனசு கேக்கல, தூக்கிட்டு வந்துட்டேன்."

டாக்டர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். "நாளைக்கு வந்திருந்தா கஷ்டம்மா."

மூன்றாம் நாள் பொன்னுமணி கஞ்சி கேட்டாள். மூத்திரம் தெளிந்து வந்தது. ஹசீனா மலைத்துப்போய் நின்றாள். கடுகைவிடச் சின்னப் பூச்சி ஒரு பிள்ளையின் கிட்னியையே நிறுத்தப் பார்த்திருக்கிறது. அதைத் தடுத்தது இந்தப் பொம்பளையின் ஞாபகம்.

"அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காத மருதாயி."

"அத விடுங்க சிஸ்டர். ஒங்க பையனுக்குக் காய்ச்சல்னு போன்ல பேசுனீங்களே, விட்டுருச்சா?"

"இன்னும் விட்டு விட்டு வருது."

"ஒண்ணுக்கு எத்தன தடவ போறான்?"

வார்டில் இருந்த பன்னிரண்டு பிள்ளைகளின் மூத்திர அளவும் ஹசீனாவின் கையிலிருந்த சார்ட்டில் இருந்தது. தன் மகனுடையது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.