வேப்பங்கிளைக் கலயம்

தாய்க்குக் கொள்ளி வைக்கப் பறந்து வந்த என் மகன் நல்லமுத்து, மறுநாளே கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டான். லிஸ்ப் என்றொரு கம்ப்யூட்டர் பாஷையாம். திரை முழுக்க அடைப்புக்குறிகள்.

"நீ எழுதினது நிக்காம அதையே திரும்பத் திரும்பச் செய்யுதே, அதோட ஞாபகம் ரொம்பி வழியாதா?" என்று கேட்டேன்.

"வழியாதுப்பா. கடைசி வேலையா தன்னையே மறுபடி கூப்பிட்டுக்குது. அப்புறம் செய்ய ஒண்ணுமில்ல. அதனால கெளம்பின எடத்த ஞாபகம் வச்சுக்காது."

"ஒரு வேல பாக்கி இருந்தா?"

"அப்ப வச்சுக்கும். திரும்பி வந்து முடிச்சாகணுமே. என்னப்பா, எங்க ஆபீசுக்கு வேலைக்கு வர்றீங்களா?"

நான் சிரிக்கவில்லை. படித்தவன் பேச்சை நம்புகிற ஆள் இல்லை நான். வேலை பாக்கி இருந்தால் திரும்பி வந்தாகணும் என்பதை மட்டும் நம்பினேன். அவன் தாயின் அஸ்திக் கலயத்தை வேப்பங்கிளையில் கட்டித் தொங்கவிட்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, அடுத்த தடவை வந்து கரைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

தண்ணீர் வந்ததும் போனில் கூப்பிட்டேன்.

"லீவு கெடைக்காதுப்பா. நீங்களே கரைச்சிடுங்க. அதோட எல்லாம் முடிஞ்சுது."

போனோடு மரத்தடிக்குப் போனேன். நானே போட்ட முடிச்சு, இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

"முடிச்சு அவுழ மாட்டேங்குதுடா" என்றேன்.