பச்சைக் குறி

விசாரணை ஆணையம் வெளியிட்ட ஆவணங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குப் பெட்டி பெட்டியாக வந்துகொண்டிருந்தன. பிரித்துப் படிக்க இரண்டு பேர். ஒரு தாளை முதலில் படித்தவர் அதன் மூலையில் தன் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட வேண்டும். பதினாறு வருட அனுபவமுள்ள மூத்தவருக்குச் சிவப்பு. நான்கு மாதம் முன்பு சேர்ந்த பெண்ணுக்குப் பச்சை. தலைப்புச் செய்தியான தாள்கள் அத்தனையிலும் பச்சைதான் இருந்தது.

“கண்ணாம்மா அது, கழுகா?” என்று ஆசிரியர் அவளைக் கேட்கும்போதெல்லாம் மூத்தவருக்கு வயிறு எரியும்.

புதன்கிழமை அவள் சாப்பிடப் போன நேரத்தில், அவள் மேசையிலிருந்த தாள் ஒன்றை எடுத்தார். பச்சையை ரப்பரால் அழித்து, அதன் மேலேயே சிவப்பைப் போட்டு ஆசிரியரிடம் கொண்டுபோனார்.

“அடேயப்பா, சிங்கம் முழிச்சிக்கிச்சு!” என்று முதுகில் தட்டினார் ஆசிரியர். சாப்பிட்டு வந்தவள் மேசையில் மிச்சமிருந்த தாள்களைப் படிக்க உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு அடுத்த பெட்டி வந்தது. பதினோரு வருடத்துக்கு முன் ஆணையம் வைத்த அரக்கு முத்திரையை மூத்தவரே உடைத்தார். முதல் தாளின் மூலையில் ஒரு பச்சைக் குறி அழிக்கப்பட்டு, அதன் மேல் சிவப்பு இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. புரட்டப் புரட்டச் சிவப்பாகவே வந்தது. குறியின் வால் வளைவுகூட அவருடையதுதான்.

அவள் எட்டிப் பார்த்தாள். “இந்தப் பெட்டிய நீங்க ஏற்கெனவே முடிச்சிட்டீங்களாண்ணே?”

அவர் அடிவரை புரட்டினார். பெட்டியின் அடியில் ஒரே ஒரு தாளில் மட்டும் பச்சை அழியாமல் இருந்தது. அவள் தன் நாற்காலிக்குத் திரும்பும்வரை காத்திருந்து, ரப்பரைக் கையில் எடுத்தார்.