ஒன்று தலை, ஒன்று பூ

“மூணு இல்லண்ணா, நாலு. எண்ணத் தெரியாதவங்க எதுக்குக் காசு சுண்டணும்?”

அறிவுமதி தரையில் கிடந்த இரண்டு காசுகளையும் காட்டிக் கேட்டாள். ஒன்று தலை, ஒன்று பூ.

அண்ணன் பாண்டியன் எரிச்சலோடு மறுபடி சொன்னான். இரண்டும் தலை என்றால் அப்பா அவனோடு, இரண்டும் பூ என்றால் சின்னவன் சுரேந்தரோடு, கலந்து விழுந்தால் அவளோடு. ஆளுக்கு ஒன்று. சுண்டுவதற்கு முன்னால் தலையாட்டிவிட்டு இப்போது என்ன சட்டம் பேசுகிறாள்?

தலையாட்டியபோது அவளுக்கு உறைக்கவில்லை. சிதம்பரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள். அந்த வெட்கமும் சேர்ந்துதான் கொதித்தது. கைப்பையில் கிடந்த சாக்பீஸை எடுத்துத் தரையில் எழுதினாள். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ. நடுவில் இருந்த இரண்டையும் வட்டமிட்டாள்.

“உங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. எனக்கு மட்டும் ரெண்டு.”

“படிச்ச திமிரு,” என்றான் சுரேந்தர். “அப்பாவ வச்சிக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லிட்டுப் போ.”

சுரீரென்றது. படகு பெரியவனுக்கு, இந்தக் கடலூர் முதுநகர் வீடு சின்னவனுக்கு என்று பிரித்தபோது யாரும் காசு சுண்டவில்லை. அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள், அப்பாவுக்கு மட்டும் காசு. படியேற முடியாதவரை இரண்டாம் மாடி வாடகை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வாய் என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்பா சுப்பராயலு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாதத்தில் இடது கால் இழுத்துக்கொண்டாலும் வலது கை நன்றாகத்தான் இருந்தது. கரைவலை போட அன்றைக்கு யார் முறை என்று ஊருக்காக முப்பது வருஷம் காசு சுண்டிய கை. அதனால் இன்றைக்கும் அவரையே சுண்டச் சொல்லியிருந்தார்கள். தன்னை யார் தலையில் கட்டுவது என்று அந்த மனுஷனே சுண்ட வேண்டியிருக்கிறது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சுரேந்தர் மகளின் லூடோ டப்பாவைத் திறந்து பகடையை எடுத்தாள். ஒன்று இரண்டு பெரியவனுக்கு, மூன்று நான்கு சின்னவனுக்கு, ஐந்து ஆறு தனக்கு. இதில் எவனும் ஏமாற்ற முடியாது என்றாள்.

“அந்தக் களவாணிக் கணக்கப் போட்டது நீதானண்ணா?”

பாண்டியன் வாயைத் திறந்தான். அவள் பேசவிடவில்லை. பகடையைக் கைக்குள் மூடிக் குலுக்கினாள்.

“அவன் இல்லம்மா,” என்றார் சுப்பராயலு, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். “கலந்து விழறதுதான் ஜாஸ்தின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் அத உனக்குன்னு வச்சேன்.”

அவள் கை நின்றது.

“அத உருட்டாதம்மா.”