பதினாலு குதிரை

“பதினாலு குதிரைச் சக்தியாம்! பதினாலு குதிரையையும் எங்க வாசல்லதான் கட்டணுமா? அவங்க வீட்டுல இடமில்லையா?”

சாந்தம்மாள் இதை அன்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள். முதல் இரண்டு தடவை அடுப்பிடம். இந்தத் தடவை புருஷனிடம்.

டீ பாக்டரி ரைட்டர் செல்லத்துரை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வண்டிதானே நிக்குது. விடு சாந்தா.”

“எப்படி விடுறது? கதவைத் திறந்தா அதோட மூஞ்சியிலதான் முழிக்க வேண்டியிருக்கு.”

பள்ளிவாசல் என்ற அந்தத் தேயிலை மலையூரில், பஜாரை ஒட்டிய குவார்ட்டர்ஸ் அது. எதிர்வீட்டில் ஜவுளிக்கடை சைனுதீன், கொல்லங்கோட்டுக்காரர். மாநிலம் பிரிந்த அடுத்த வருஷம், ஓணம் சமயத்தில், கோயமுத்தூர் டாக்டர் ஒருவரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கி வந்தார். அன்றிலிருந்து சாந்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி ஜொஹராவாவது சும்மா இருந்தாளா?

“நாலு கதவுங்கக்கா. கைப்பிடியைச் சுத்தினா கண்ணாடி இறங்குது. முன்னாடியும் பெஞ்சாட்டம் ஒரே சீட்டு, மூணு பேர் உக்காரலாம். கியரு கீழ இல்லீங்க, ஸ்டீயரிங்குகிட்டயே இருக்குது. திரும்பறப்போ பக்கவாட்டுல குட்டியா ஒரு கை லைட்டோட வெளிய நீட்டுதுங்க! டிக்கியில ரெண்டு மூட்டை அரிசி போகும்.”

“ரேடியோ இல்லையா?” என்று கேட்டாள் சாந்தம்மாள்.

“இல்லீங்களே.”

“அடப் பாவமே!”

அந்த ஒரு பதிலில் சாந்தம்மாள் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆனால் கான்வென்ட்டில் படித்தவள் அவள். அந்தக் குட்டிக் கைக்கு ‘டிராஃபிகேட்டர்’ என்று பெயர் சொல்லத் தெரிந்தவள். தெரிந்தவளுக்கு பஸ், தெரியாதவளுக்குக் கார்! என்ன நியாயம் இது?

இன்னொரு கொடுமையும் இருந்தது. சைனுதீன் வீட்டுக்குக் கீழே, பள்ளத்தில், தகரக் கூரை போட்ட ஷெட். காருக்கென்றே கட்டியது. ஒரு மாதமாக அது காலி. கார், பனியில் நனைந்துகொண்டு, இறக்கத்தைப் பார்த்து மூக்கை நீட்டியபடி சாந்தம்மாள் வாசலில் நின்றது.

“ஷெட்டைச் சும்மா போட்டுட்டு இங்க நிறுத்தினா என்ன அர்த்தம்? நாம பாத்து வயிறெரியணும். அதானே?”

செல்லத்துரை, காலையில் தின்ற வடை செரிக்கவில்லை என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சாந்தம்மாள் வெளியே போனாள். சைனுதீன் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உங்க பவுசை உங்க ஷெட்டுலயே வச்சுக்கோங்க. எங்க வாசல்ல காயப்போட வேண்டாம்.”

சைனுதீன் துணியை மடித்தார். அவளைத் தாண்டி, ஜன்னலில் நின்ற செல்லத்துரையைப் பார்த்தார். செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏனுங்க அம்மிணி, வண்டி இங்கயே நின்னா…”

“மார்கழி மாசம், கோலம் போட இடமில்லைங்கேன்!”

“சரிங்க.”

சாயங்காலமே கார் ஷெட்டுக்குப் போனது. மறுநாள் விடிந்ததும், கார் நின்ற இடம் முழுக்க அடைத்து, பெரிய தேர்க்கோலமாகப் போட்டாள் சாந்தம்மாள். ஜொஹரா வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்படி.

நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, செல்லத்துரையின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அந்தக் குளிரிலும் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

அவள் போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடியவர் சைனுதீன்தான். ஓடியது ஷெட்டுக்கு.

செல்ஃப் எடுக்கவில்லை. முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார், சுற்றினார். பஜாரிலிருந்து ஆறு பேர் வந்து பள்ளத்திலிருந்து ரோட்டுக்குத் தள்ளினார்கள். ஈரமண்ணில் சக்கரம் வழுக்கி வழுக்கித் திரும்பவும் கீழேயே வந்தது. அரை மணி நேரம். ஒருவழியாக ரோடு ஏறி, இறக்கத்தில் கொஞ்சம் உருண்டதுமே என்ஜின் பிடித்துக்கொண்டது.

மூன்று மாதமாகக் கண் வைத்திருந்த பின் சீட்டில் சாந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் புருஷன் தலை. ஜொஹரா அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இறக்கத்துல ஒரே உருட்டுல பிடிக்குதே… பின்ன ஷெட்டுல ஏன்…?”

“பேட்டரி பழசுங்கக்கா. குளிருக்குச் செத்துப்போயிருது. அதனாலதான் உங்க வாசல்ல, இறக்கத்தைப் பாத்து நிறுத்தி வெச்சிருந்தாரு.”

“அப்ப ஷெட்டு?”

“ஷெட்டு காருக்குங்கக்கா. உங்க வாசல்ல நிறுத்தினது அண்ணனுக்கு. போன மாசம் எங்க கடையில இதே மாதிரி நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தாருல்ல…”

“எனக்குத் தெரியாதே!”

ஜொஹரா அடுத்த காலை எடுத்துத் தேய்த்தாள்.

“உங்ககிட்டச் சொன்னா மத்தியானத்துக்குள்ள பாக்டரி பூராத் தெரிஞ்சு வேலை போயிரும்னு… எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாருங்க.”

ஆஸ்பத்திரி வளைவில் அந்தக் குட்டிக் கை லைட்டோடு வெளியே நீட்டியது. சாந்தம்மாள் பார்க்கவில்லை. மடியில் தலை கனத்தது.

“அண்ணே, நாளையிலேருந்து வண்டியை எங்க வாசல்லயே நிறுத்துங்க.”

சைனுதீன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். ஜொஹரா தேய்ப்பதை நிறுத்தி, சில்லிட்டுப்போன கால்களைச் சேர்த்து வைத்தாள்.

“எங்க வாசல்லயே நிறுத்துங்கண்ணே…”